லான் சே காலுக்கு ஒரு சப்பாத்து

ஈப்போவில் என் முதலாளி தவுக்கே ஃபூவின் செருப்புக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். மூஞ்சியைப் பார்த்தால் எனக்குப் பேர் ஞாபகம் வராது, காலைப் பார்த்தால் வந்துவிடும். பாதிப் பேருக்குத் தன் கால் என்ன அளவு என்றே தெரியாது. இருபது வயசில் போட்ட நம்பரையே எழுபது வயசிலும் கேட்டு வந்து நிற்பார்கள். வயசாக ஆகக் கால் பரவும், எலும்பு துருத்தும், அளவு மாறும் என்று சொன்னால், நான் என்னமோ அவர்கள் அழகைக் குறை சொன்ன மாதிரி முறைப்பார்கள். சாயங்காலமாக வாங்க, கால் வீங்கியிருக்கும்போதுதான் அளவு எடுக்கணும் என்றால் அதற்கும் ஒரு முணுமுணுப்பு. சொல்லிச் சொல்லி என் வாய் கெட்டுப்போனதுதான் மிச்சம்.

இந்த இருபத்திரண்டு வருஷத்தில் லான் சேவின் கால் மாதிரி இன்னொரு காலை நான் பார்த்ததில்லை.

முழுப்பேர் சான் யோக் லான். அப்போது எழுபத்திரண்டு வயசு. சே என்றால் இங்கத்துச் சீனர்களின் கந்தோனீஸ் பேச்சில் அக்கா. நம் வாயில் அது சலிப்பு மாதிரிக் கேட்கும். நான் “லான் சே” என்று கூப்பிடும்போதெல்லாம், கடைக்கு வரும் நம்ம ஆட்கள் “எதுக்கு அந்தம்மாவ ச்சேங்குற?” என்று கேட்பார்கள். அந்தப் பேச்சில் நீங்க, வாங்க எல்லாம் கிடையாது. பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் ஒரே நீதான். ஆகவே நானும் அவளை நீ என்றுதான் பேசுவேன், அவளும் என்னை அப்படித்தான். தெய்வானை என்ற பேர் அவள் வாயில் நுழையாது. வானே என்பாள்.

அவள் கால் அப்படி ஆனதற்குக் காரணம் தண்ணீர். பதின்மூன்று வயசில் துலாங் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினவள், நாற்பத்தைந்து வயசு வரை கரையேறவில்லை. முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று, மணலை அந்த மரத்தட்டில் போட்டு அலசி அலசி, அடியில் தங்கும் ஈய மண்ணை எடுக்கிற வேலை. கல்லிலும் சேற்றிலும் பிடிமானத்துக்காக விரித்து விரித்து வைத்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. பாதத்தின் முன்பக்கம் விசிறி மாதிரி, குதிகால் ஒடுக்கம். புருஷன் லாரி ஓட்டினான், மகனுக்கு ஆறு வயசாகும்போது செத்துப்போனான். மகனைக் கோலாலம்பூரில் தங்கிப் படிக்க வைத்தது அந்தத் தட்டும், அப்புறம் நூடுல்ஸ் விற்கிற ஒரு மீக்கடையில் அவள் கழுவின கோப்பைகளும்தான்.

பொம்பளைச் சப்பாத்து எதுவும் அவள் காலுக்கு ஏறாது. அகலம் போதாது. அதனால் வருஷக்கணக்காக ஆம்பளை ரப்பர் சிலிப்பர்தான் போட்டாள், ஒன்பதாம் நம்பர். அகலம் சரியாக இருக்கும். நீளம் குதிகாலுக்குப் பின்னால் ரெண்டு விரல் நிற்கும். விரலால் கவ்விப் பிடித்துக்கொண்டு சரட்டுச் சரட்டென்று இழுத்து நடப்பாள். வாசலில் சத்தம் கேட்டாலே லான் சே வருகிறாள் என்று தெரிந்துவிடும்.

“ஏன் சே, படகு ஓட்டிக்கிட்டு வரியா?” என்பேன்.

“நீ உன் கடையில ஒரு நல்ல சப்பாத்து வச்சிருந்தா நான் ஏன் படகு ஓட்டப்போறேன்” என்பாள்.

அவள் வீடு பக்கத்துப் புதுக்கிராமத்தில். முன்னால் ஒரு சாத்துக்குடி மரம், பின்னால் கோழிக்கூண்டு, நடுவில் அவள் சம்பாதித்துக் கட்டின வீடு. தரை சிவப்புச் சிமெண்டாக இருந்தது. மகன் ஆ கீட் கோலாலம்பூரில் டைல்ஸ் வியாபாரம் பண்ணுகிறவன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஆட்களைக் கூட்டிவந்து வீடு முழுக்க வெள்ளை டைல்ஸ் போட்டுவிட்டுப் போனான். அம்மாவுக்குப் பரிசாம். குனிந்தால் மூஞ்சி தெரிகிற டைல்ஸ். அதைக் காட்டுவதற்கென்றே அவள் ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தேன், எனக்கே வழுக்கியது. “இது யாருக்குப் போட்டது, ஈ உக்காரவா?” என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“மகன் போட்டுக் குடுத்தது. உனக்குப் பொறாமை.”

அந்த டைல்ஸில்தான் முதல் தடவை விழுந்தாள். சீனப் பெருநாளுக்கு ரெண்டு மாசம் இருந்தது. சமையற்கட்டில் கொஞ்சம் தண்ணீர் சிந்தியிருக்கிறது, காலுறை போட்டிருந்திருக்கிறாள். டைல்ஸ் சில்லென்று இருக்கிறது என்று மகனிடம் சொன்னதற்கு, காலுறை போட்டுக்கோ என்று அவன் சொன்ன யோசனை. கையை ஊன்றினதில் இடது மணிக்கட்டு போயிற்று. மாவுக்கட்டு போட்ட அன்றைக்கே ஆ கீட் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டான். இன்னொரு தடவை விழுந்தால் இந்த வீட்டில் தனியாக இருக்கக் கூடாது, முதியோர் இல்லத்துக்குத்தான் போகணும். கோலாலம்பூரில் அவன் வீடு பதினெட்டாவது மாடி, அங்கே இடமில்லை என்பதை மருமகள் வின்னி முன்னாலேயே சொல்லிவைத்திருந்தாள்.

லான் சேவுக்குச் சாவதற்குப் பயமில்லை. அந்த இல்லம் என்றால்தான் பயம். ஓடையில் அவளோடு வேலை செய்த ஒருத்தி அங்கே இருந்தாள், பார்க்கப் போய்விட்டு வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “எல்லாருக்கும் ஒரே கலர் சட்டை வானே. ஜெயில்ல கூட வேற வேற குத்தத்துக்கு வேற வேற எடம் குடுப்பாங்க” என்றாள்.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்த மலாய்க்காரப் பெண் கெட்டிக்காரி. கையைப் பார்த்தவள் காலையும் பார்த்திருக்கிறாள். இந்தச் சிலிப்பரைத் தூக்கிப் போடுங்கள், வீட்டுக்குள்ளேயும் பின்பக்கம் மூடின, காலை இறுக்கிப் பிடிக்கிற சப்பாத்து போடுங்கள் என்று ஒரு தாளில் படம் வரைந்தே கொடுத்துவிட்டாள். அதை மடித்து எடுத்துக்கொண்டு லான் சே கடைக்கு வந்தாள். மாவுக்கட்டுக் கையால் தாளை மேசையில் தட்டி, “இதுல இருக்கறத குடு” என்றாள், மருந்துக்கடையில் கேட்கிற மாதிரி.

உட்கார வைத்து, அப்புறம் நிற்க வைத்து அளந்தேன். நிற்கும்போது அவள் பாதம் இன்னும் ஒரு விரல் பரந்தது. வலது கால் இடதை விடப் பெரிசு. கடையில் இருந்ததையெல்லாம் இறக்கினேன். ஒரு ஜோடி முன்னால் இடித்தது. ஒரு ஜோடி பின்னால் கழன்றது. ஒன்று மெத்தை மாதிரி அடிப்பாகம், அவளே விரும்பி எடுத்தாள், மேகத்தில் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பிடுங்கி உள்ளே வைத்தேன்.

“அடி இவ்ளோ தடியா இருந்தா கீழ தரை இருக்கா குழி இருக்கான்னு உன் காலுக்கு எப்படித் தெரியும்? மெல்லிசா, கெட்டியா, அடியில சொரசொரன்னு இருக்கணும்.”

ஒவ்வொரு சப்பாத்தாக எடுத்துப் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கினேன். அமுங்கினால் வேண்டாம். நுனியைப் பிடித்து வளைத்தேன். விரல் மடங்குகிற இடத்தில் மடங்கணும், நடுவில் மடங்கினால் அதுவும் வேண்டாம். லான் சே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மீன் வாங்குற மாதிரி அமுக்கிப் பாக்குற. செவுளையும் தூக்கிப் பாரேன்.”

“உன் காலுக்கு மீன் வாங்குறதே லேசு.”

வீட்டுக்குள் சப்பாத்து என்பதுதான் அவளுக்கு ஏறவில்லை. சாமி இருக்கிற வீட்டுக்குள் எப்படிச் சப்பாத்து போடுவது, தெருவில் மிதித்ததையெல்லாம் உள்ளே கொண்டுவருவதா என்று அரை மணி நேரம் வாதாடினாள். தெருவையே பார்க்காத சப்பாத்து, பெட்டியிலிருந்து எடுத்து நேராக வீட்டுக்குள் போடு, வாசப்படி தாண்டாதே, அது சப்பாத்து இல்லை, காலுக்குச் சட்டை என்று நினைத்துக்கோ என்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டாள். கால் மடக்கிக் கட்டுகிற கயிறு வேண்டாம், குனிய முடியாது, ஒட்டுப்பட்டை வைத்ததாகப் பார் என்றாள். அந்த அளவுக்கு வந்துவிட்டாளே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

பினாங்கில் இருக்கும் மொத்த வியாபாரிக்குச் சொல்லி, அகலக் காலுக்கென்று செய்வதை வரவழைக்க ஏற்பாடு பண்ணினேன். குறைந்தது ஒரு டஜன் ஜோடி எடுக்கணும் என்றார்கள், தவுக்கே ஃபூ மூக்கால் அழுதார். “ஒரு கெழவி காலுக்கு ஒரு டஜனா? மீதிய யாரு போடுவா, யானையா?” நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பெருநாளுக்கு முன்னால் வந்துவிடும் என்றார்கள். வந்தது, பெருநாளுக்கு முதல் நாள் சாயங்காலம், நாங்கள் கடையைப் பூட்டிக்கொண்டு போன பிறகு. லாரிக்காரன் பக்கத்து மருந்துக்கடையில் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஐந்தாம் நாள் கடை திறந்தபோதுதான் என் கைக்கு வந்தது. லான் சே அளவுப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். சாம்பல் நிறம், முன்னால் நல்ல அகலம், பின்னால் கையால் அமுக்கினால் கல் மாதிரி, ரெண்டு ஒட்டுப்பட்டை. இதைவிட நல்லதாக அவளுக்குக் கிடைக்காது. உடனே போன் போட்டேன்.

“வந்துடுச்சு சே.”

“வந்துடுச்சா? நாளைக்கே வரேன். ஆரஞ்சு எடுத்துட்டு வரேன் உனக்கு.”

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் காலையிலும் வரவில்லை. அன்றைக்கே, பெருநாள் ஏழாம் நாள், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஏறி அவள் வீட்டுக்கே போனேன். பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். பணம் வாங்காத சாமானைக் கடைக்கு வெளியே கொண்டுபோகத் தவுக்கே விடமாட்டார் என்று விட்டுவிட்டுப் போனேன். சரியான மடச்சி நான்.

கதவைத் திறந்தாள். காலில் சிவப்புச் சிலிப்பர். பட்டு மாதிரித் துணி, பூவேலை, பின்பக்கம் கிடையாது, அடிப்பாகம் வழவழவென்று கண்ணாடி. வின்னி பெருநாளுக்கு வாங்கிக் கொடுத்ததாம். மருமகள் கையால் அதுவரை அவள் வாங்கினது வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த டைல்ஸில் இந்தச் சிலிப்பர்.

“ஏன் வரலை? சப்பாத்து கடையில குந்தியிருக்கு.”

ஆரஞ்சை உரித்து என் கையில் வைத்தாள். “மொத மாசம் முடியட்டும் வானே.”

சப்பாத்துக்கு அவர்கள் பேச்சில் ஹாய். கையாட்டிச் சொல்லுகிற ஹாய் இல்லை. நாம் அலுத்துப்போய் மூச்சை இழுத்துவிட்டால் என்ன சத்தம் வருமோ, அந்த ஹாஆய். பெருமூச்சுக்கும் சப்பாத்துக்கும் ஒரே சத்தம். வருஷத்தின் முதல் மாசத்தில் சப்பாத்து வாங்கினால் பெருமூச்சை விலை கொடுத்து வாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்த மாதிரி, வருஷம் முழுக்கப் பெருமூச்சு விட வேண்டியதுதான் என்பார்கள். இந்த ஊரில் இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. அந்த மாசம் எங்கள் கடையில் ஈ ஓட்டுவோம். பள்ளிப் பிள்ளைகளும் நம்ம ஆட்களும் மலாய்க்காரர்களும்தான் வருவார்கள். ஆனால் லான் சே இதையெல்லாம் பெரிசாகப் பார்க்கிறவள் இல்லை. முதல் நாள் வீடு கூட்டக் கூடாது என்பார்கள், அவள் கோழிக்கூண்டைக் கூட்டுவாள். அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

“முந்தாநாளு போன்ல நாளைக்கே வரேன்னு சொன்னது யாரு? அப்ப தெரியாதா மொத மாசம்னு?”

“அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.”

“பழசா நெனச்சுக்கோ. நான் போட்டுக் கழட்டினதுன்னு நெனச்சுக்கோ. காசு குடுக்காத, நீ வாங்கலை, நான் உன் வீட்டுல வச்சுட்டு மறந்துட்டுப் போறேன். அடுத்த மாசம் வாங்கிக்கோ.”

“வீட்டுக்குள்ள வரக் கூடாது.”

“அப்ப வெறுங்கால்ல நட. இந்தச் செவப்பு எழவுக்கு வெறுங்கால் எவ்வளவோ மேல்.”

“பெருநாள் மாசத்துல எழவுன்னு சொல்லாத.”

கரடியாய்க் கத்தினேன். கதவுக்குப் பக்கத்தில் நிற்கிற சாத்துக்குடி மரத்துக்குக் கூடப் புரிந்திருக்கும், அவளுக்குப் புரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஆரஞ்சுத் தோலை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிடிவாதக்காரி, படிக்காத முண்டம், ஒரு சத்தத்துக்குப் பயந்து எலும்பை முறித்துக்கொள்ளப் போகிறாள் என்று எனக்குள் அவளைத் திட்டாத திட்டில்லை. கிளம்பும்போது வாய்விட்டே சொன்னேன்.

“நீ விழுந்தா நான் வந்து பாக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“சரி” என்றாள். வாசல் வரைக்கும் வந்து, கையில் ரெண்டு ஆரஞ்சைத் திணித்தாள்.

பத்தொன்பதாம் நாள் காலையில் விழுந்தாள். சாமிக்கு ஊதுபத்தி வைக்க, சமையற்கட்டிலிருந்து கூடத்துக்கு நடந்திருக்கிறாள். நிலைப்படியில் ஒரு சிலிப்பர் பின்னால் நின்றுவிட்டது, இன்னொன்று முன்னால் போய்விட்டது. எட்டு மணிக்கு விழுந்தவளைப் பதினொரு மணிக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள். கோழி கத்துகிற சத்தம் நிற்கவில்லையே, தீனி போடவில்லையா என்று எட்டிப் பார்த்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை ஆயிற்று. டாக்டர்கள் நன்றாகத்தான் செய்தார்கள். எழுந்து நடக்கப் பழகணும் என்றார்கள். பழக்குவதற்கு ஆள் வேண்டுமே. மூன்றாம் வாரம் ஆ கீட் வந்தான், சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். போக மாட்டேன் என்று சொல்லிவிட்டோமே என்கிற ரோஷம் பாதி. போனால் நான் சொன்னேன் கேட்டியா என்று என் வாய் சும்மா இருக்காது என்கிற பயம் பாதி. கோபம் ஆறட்டும், ஆறட்டும் என்று ரெண்டு மாசம் ஓடிவிட்டது. பெட்டி கடையிலேயே கிடந்தது. முதல் மாசம் எப்போதோ முடிந்திருந்தது. தவுக்கே அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னையும் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு இல்லத்துக்குப் போனேன்.

ஊருக்கு வெளியே, சுண்ணாம்பு மலை அடிவாரத்தில் ஒரு மாடி வீடு. கூடத்தில் பதினாறு கட்டில். எல்லாருக்கும் ஒரே பழுப்புக் கலர் சட்டை, அவள் சொன்ன மாதிரியேதான். லான் சே சக்கர நாற்காலியில் சன்னல் பக்கம் இருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

“வரமாட்டேன்னு சொன்ன?”

“வரலை. இந்தப் பக்கம் வேலையா வந்தேன்.”

பக்கத்தில் ஆ கீட் நின்றிருந்தான். நல்ல பிள்ளைதான், மரியாதை தெரிந்தவன். எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டான், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அம்மாவைப் பற்றி விசாரித்தேன். நடக்கப் பழக்க இங்கே ஆள் பத்தாது, விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்று நாற்காலியிலேயே வைத்திருக்கிறார்கள் என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவன் கிளம்பினான், நான் வாசல் வரைக்கும் கூட நடந்தேன். வீட்டை என்ன பண்ணினாய் என்று கேட்டேன்.

“சும்மா பூட்டிக் கெடந்தா கரையான் புடிக்கும் அக்கா. ஈப்போவுல கடை திறந்திருக்கேன் இல்ல, சரக்கு வைக்க எடம் வேணும். டைல்ஸ் பெட்டி அடுக்கியிருக்கேன்.”

“ஈப்போவுல எப்ப கடை திறந்த?”

“பெருநாளு எட்டாம் நாளு. சிங்க ஆட்டம் எல்லாம் வச்சு அமோகமா திறந்தேன். அம்மா சொல்லலையா?” கார்க் கதவைத் திறந்தவன், என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தான். “அந்தச் சப்பாத்தா இது? அம்மா போன் பண்ணிக் கேட்டாங்க. சப்பாத்து வந்துடுச்சாம், நாளைக்குப் போயி வாங்கிக்கட்டுமான்னு. நான்தான் வேணாம்னேன். இருக்கற காசையெல்லாம் கடையில போட்டிருக்கேன், மூணு நாள்ல திறப்பு, இந்த நேரத்துல மொத மாசத்துல சப்பாத்து வாங்கி வீட்டுல பெருமூச்ச கொண்டாந்து வைக்காதம்மான்னு சொன்னேன். யாருகிட்டயும் சொல்லாத, சிரிப்பாங்கன்னும் சொன்னேன். ஒரே ஒரு மாசம்தானே. இப்படி ஆவும்னு யாருக்குத் தெரியும்.”

பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டேன். பேசினால் அந்த இடத்தில் கொலை விழும்.

“நீயும் கொஞ்சம் சீக்கிரம் வரவழைச்சிருக்கலாம் அக்கா” என்றான், வருத்தமாகத்தான். “பெருநாளுக்கு முன்னாடியே குடுத்திருந்தா பிரச்சனையே இருந்திருக்காது.”

கார் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அந்த ஏழாம் நாள் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் பிடிவாதக்காரி, முண்டம் என்று திட்டிக்கொண்டு நின்றேனே, அப்போது அவள் ஆரஞ்சுத் தோலை அடுக்கிக்கொண்டு, மகன் பேரைச் சொல்லாமல் என் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். நாளைக்கே வரேன் என்றவள் ஏன் வரவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். அவனைப் போய் நாலு கேட்டிருப்பேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் காலில் மாட்டிவிட்டே வந்திருப்பேன். விழுந்தால் பார்க்க வரமாட்டேன் என்று சொன்ன என் நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போல இருந்தது.

உள்ளே போய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். கடையில் உட்காருகிற மாதிரி. இல்லத்துச் சிலிப்பரைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் திறந்து, வலது காலில் முதலில் போட்டேன். கால் மெலிந்திருந்தது, ஆனாலும் அகலம் அப்படியே இருந்தது. பட்டையை இழுத்து ஒட்டினேன். நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் இருந்தது. பின்னால் கழலவில்லை.

“இடிக்குதா?”

“இல்ல.” காலை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். “நல்லா இருக்கு வானே. மொத தடவையா எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.”

“ஏன் சே எங்கிட்ட சொல்லலை? உன் மகன்தான் வேணாம்னான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ அவனைப் போயித் திட்டுவ. கடை திறக்குற நேரத்துல புள்ள மனசு கஷ்டப்படும்.”

“உன் இடுப்பு போச்சே.”

“அது வயசானா போவும்.” என் தோளில் கையை வைத்தாள், எனக்குத்தான் ஆறுதல் தேவை என்கிற மாதிரி. அப்புறம் முகமெல்லாம் வெளிச்சமாகிவிட்டது. “கடை நல்லா ஓடுதாம், தெரியுமா? பக்கத்துக் கடையையும் சேத்து எடுக்கப்போறானாம். நான் மட்டும் அந்த மாசம் சப்பாத்து வாங்கியிருந்தேன்னு வையி, இவ்ளோ தூரம் வந்திருக்குமா?”

பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டினேன், அது சரியாகத்தான் இருந்தது. அவள் குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள்.

“உன் வீட்டுச் சமையக்கட்டு இன்னும் சிமெண்டுத் தரைதானே? கீட்கிட்ட நான் சொல்றேன். நீ நம்ம ஆளு, நல்லதாப் பாத்து, பளபளன்னு போட்டுக் குடுப்பான்.”

சரி என்று தலையாட்டினேன்.